சத்தக்காவும் சிவப்பு டம்ளரும்

சத்தக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது சண்டை போடப் போனபோது.

கிளை நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எதைப் பேசினாலும் இதை எப்படியாவது நுழைத்துவிடுவது என் பழக்கம், இங்கேயும் நுழைத்துவிட்டேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சுவரில் எழுதியிருந்த 'அமைதி காக்கவும்' என்ற வாசகத்துக்கு நானே முழுப் பொறுப்பு என்ற நினைப்போடு விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அப்போது தலைக்கு மேலே, மாடியில், ஒரு குழந்தை ஒரு சின்ன விக்கலில் ஆரம்பித்து வீரிட்டு அழுதது. பாதியில் சட்டென்று நின்றது. பிறகு அதே அழுகை, அதே இடத்திலிருந்து, அதே ஏற்ற இறக்கத்தோடு மறுபடியும் ஆரம்பித்தது.

செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மேல யாரோ பிள்ளையப் போட்டு அடிக்கிறாங்க போல. போய் என்னன்னு கேளுங்க சார்."

சார் என்று அவர் கூப்பிட்டதற்காகவே எழுந்து போனேன்.

மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன வெளியறை, அதைத் தாண்டி ஓர் உள்ளறை. நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளறையின் சுவர் முழுக்க முட்டை அட்டைகளையும் பழைய கம்பளிகளையும் ஒட்டி வைத்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் ஒரு கையில் டீ கிளாஸுடன் மைக்கின் முன்னால் நின்று, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல், குலை நடுங்க அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள். அழுகையை முடித்துவிட்டு ஒரு வாய் டீ குடித்தவர் என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி, சரியான நேரத்துக்கு வந்தீங்க. குழந்தை பசியில அழற மாதிரி இருந்துச்சா, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சா?"

புகார் சொல்ல வந்த நான் கொஞ்சம் யோசித்து, "கிள்ளிவிட்ட மாதிரி" என்றேன்.

"பாத்தீங்களா? கழுத்துல அட்டை போட்டவரே சொல்லிட்டாரு. பசி அழுகை இன்னும் வரல. இன்னொரு தடவை எடுக்கலாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். புகாரை நான் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து நூலகத்தைப் பூட்டியதும் மாடிக்குப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அவர் தொழில் அழுகைதான். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் சிறுவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குரல் கொடுப்பவர். "வாய் அவங்க புள்ளையோடது, அழுகை என்னோடது" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார். நாத்தனார் அழுதால் அது நிஜமா வேலையா என்று தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அவருடைய அண்ணி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். காலையில் டப்பிங் தியேட்டர், மாலையில் இந்த மாடியறை. ஓர் அறக்கட்டளை நடத்திய அறை அது. வீட்டை விட்டு வந்துவிட்ட பிள்ளைகள், காப்பகத்திலிருந்து வயது முடிந்து வெளியே வந்தவர்கள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள், ஏதோ அடிதடியில் மாட்டி நீதிமன்றம் 'எங்கேயாவது நல்ல இடத்துக்குப் போய் வா' என்று அனுப்பியவன் ஒருவன். இவர்களையெல்லாம் வைத்து அவர் ஒலி நாடகம் செய்தார். அந்தப் பகுதி வானொலியில் வாரம் ஒரு நாள் அது ஒலிபரப்பாகும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் சத்தக்கா.

புதிதாக வருகிற பிள்ளையிடம் சத்தக்கா பெயரைத் தவிர வேறெதுவும் கேட்க மாட்டார். "கதை வேணாம்டா. உன் கதையை நான் கேக்கவே மாட்டேன். வீட்லருந்து ஒரு சத்தம் மட்டும் கொண்டா, போதும்" என்று ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் கொடுத்துவிடுவார். ஒருவன் வாளியில் குழாய் சொட்டும் சத்தத்தைக் கொண்டுவந்தான். அவன் நடை அவ்வளவு மெதுவானது, அதனால் அவனுக்குப் பெயர் புயல். இன்னொருத்தி அப்பாவின் குறட்டையைக் கொண்டுவந்தாள். சத்தத்தில் ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேசாவிட்டாலும் கேட்க மாட்டார். புயல் மறுபடி பரீட்சை எழுதப் போன அன்று பள்ளிக்கூட வாசல் மரத்தடியில் முழு நேரமும் உட்கார்ந்திருந்தது சத்தக்காதான். கேட்டால், "சும்மா காத்து வாங்கப் போனேன்" என்பார்.

அந்த அறையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. 'பாவம்' என்று யாரும் யாரையும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் மைக் முன்னால் போய்க் காக்கா மாதிரி மூன்று முறை கத்த வேண்டும். அதைப் பதிவும் செய்வார்கள். காட்சிக்குக் காக்கா தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று கணினியில் ஒரு தொகுப்பே வைத்திருந்தார்கள். நானும் ஒரு தடவை கத்தியிருக்கிறேன். பட்டதாரிக் காக்கா என்று அதற்குப் பெயர் போட்டு வைத்தார்கள்.

எனக்கு அந்தத் தடை மிகவும் பிடித்திருந்தது. பள்ளியில் படிக்கும்போது இலவசப் பை கொடுப்பதற்காக என்னை மேடையில் ஏற்றி, ஒலிபெருக்கியில் "பாவம், கூலிக்காரர் மகன்" என்று சொன்னார்கள். என் அப்பா கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பை நல்ல பைதான். ஆனால் அந்தச் சொல் அதோடு கூடவே வந்தது, பை கிழிந்த பிறகும் போகவில்லை. அதனால் சத்தக்காவின் அறையில் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

நாங்கள் பின்னால் கதவு என்று கூப்பிட்ட ஒரு பெண் வந்தாள். பதினேழு வயதிருக்கும். சித்தி வீட்டில் இருந்தாள். வந்த புதிதில் வாயைத் திறக்கவே மாட்டாள், தலையாட்டலோடு சரி. அவள் கொண்டுவந்த சத்தம் ஒரு கதவு சாத்தும் சத்தம். எல்லாரும் கேட்டார்கள். அப்படி ஒன்றும் பெரிதாகப் படவில்லை, க்ளிக் என்ற மெல்லிய ஒலி. அடுத்த வாரம் நாடகத்தில் ஒரு காட்சி: கோபித்துக்கொண்டு ஒருவன் வீட்டை விட்டு வெளியேறுகிறான். புயல் அறைக் கதவை ஓங்கி அடித்துச் சாத்திக் காட்டினான். முட்டை அட்டை ஒன்று கழன்று விழுந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரலை முதன்முதலாகக் கேட்டோம். "அப்படி இல்ல."

எல்லாரும் திரும்பினோம்.

"ரொம்பக் கோவம்னா மெதுவாத்தான் சாத்துவாங்க" என்றாள். எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே, கதவை நிலையோடு பொருத்தி, பிறகு கைப்பிடியை விட்டாள். க்ளிக்.

"எங்கடி கத்துக்கிட்ட இத?" என்று ஒருத்தி வாயெடுத்தாள். "கேக்காத" என்றார் சத்தக்கா உடனே. "சத்தம் நல்லா இருக்கு. அது போதும்."

அதன் பிறகு எல்லா நாடகத்திலும் கதவு அவள்தான். பெயரும் அதுவே ஆயிற்று. அவளுக்கு அது பிடித்திருந்தது. சத்தக்காவை "அக்கா, அக்கா" என்று முந்தானையைப் பிடிக்காத குறையாகச் சுற்றினாள். பல மாதங்களுக்குப் பிறகு, தானும் ஒரு வரி பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். நாடகத்தின் கடைசிக் காட்சி அது. வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து அம்மா "யாரு?" என்கிறாள். அம்மா சத்தக்கா. மகள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான்தான்."

ஒரே சொல். அதை அவள் மாடிப்படியிலும் பஸ் நிறுத்தத்திலும் முணுமுணுத்துப் பழகினாள். நூலகத்தில் என் மேசையருகே வந்து, "சார், நான்தான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாள்.

அந்த வரியைப் பதிவு செய்வதற்குக் குறித்த நாளிலேயே அறக்கட்டளையின் பொறுப்பாளர் அம்மா பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அறையை அவர்கள் தொடர்ந்து நடத்தப் போகிறார்களா, இல்லை கணினி வகுப்புக்குக் கொடுத்துவிடப் போகிறார்களா என்பது அன்று முடிவாகும். சத்தக்கா பதறிப் போனார். அறையைக் கழுவினார், கம்பளிகளை உதறினார். உடைந்த மின்விசிறி, பழைய பாய், கைப்பிடி போன வாளி எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் தள்ளினார். அப்படித் தள்ளியவற்றில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரும் இருந்தது.

அந்த டம்ளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மைக் திறந்திருக்கும்போது எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எப்போதோ அணைந்து போயிருந்தது. மாற்ற வழியில்லாததால் மைக்கைத் திறந்ததும் மேசையில் சிவப்பு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். டம்ளர் மேசையில் இருந்தால் இங்கே பேசுவது வெளியறையில் ஹெட்ஃபோன் போட்டிருக்கும் எல்லார் காதிலும் விழும் என்று அர்த்தம். விளிம்பில் பல் பட்ட தடமும் ஓரத்தில் ஒரு கீறலுமாக அசிங்கமாக இருந்தது அது. பெரிய இடத்து அம்மா வருகிற நாளில் மேசை மேல் அது எதற்கு என்று சத்தக்கா எடுத்து மறைத்துவிட்டார்.

நூலகத்திலிருந்து ஒரு நல்ல நாற்காலி கொண்டுவரும்படி என்னிடம் சொல்லியிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் வெளியறையில் உட்கார்ந்து ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் புயல், மறுபக்கம் கதவு. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான்தான், நான்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைக் திறந்திருந்தது. மேசையில் டம்ளர் இல்லை.

"அந்தக் கண்ணாடிகிட்ட உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணு யாரு?" என்றது பொறுப்பாளர் அம்மாவின் குரல், எங்கள் மூன்று பேர் காதுக்குள்ளும்.

"அதுவா மேடம்" என்றார் சத்தக்கா. "பாவம் மேடம் அது."

புயல் சிரிக்கத் தயாராகி என் முழங்கையைத் தட்டினான். சத்தக்காவே காக்கா கத்தப் போகிறார் என்று நினைத்திருப்பான்.

"பெத்தவ விட்டுட்டுப் போயிட்டா. சித்தி வீட்ல கெடக்கு. வேலைக்காரி மாதிரி. வீட்டு வேலை மொத்தமும் அது தலையிலதான். பேச்சே மறந்து போய்த்தான் இங்க வந்துச்சு. இந்த ரூமும் இல்லேன்னா, மேடம்…"

அங்கே அவர் குரல் உடைந்தது. அந்த உடைசல் எனக்குத் தெரியும். நான் முதல் நாள் நூலகத்தில் உட்கார்ந்து கேட்ட அழுகை அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு சின்ன விக்கல், பிறகு தொண்டையில் ஒரு அடைப்பு. பொறுப்பாளர் அம்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்தார். அதைத் தன் கண்ணுக்கே வைத்துக்கொண்டார்.

கதவு ஹெட்ஃபோனைக் கழற்றினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கம்பியைச் சத்தக்கா சொல்லிக்கொடுத்த விதமாகவே, ஒரு சுற்று மேலாகவும் ஒரு சுற்று கீழாகவும், முறுக்கு விழாமல் சுருட்டினாள். ஆணியில் மாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். வெளிக்கதவு சாத்திய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

சற்று நேரத்தில் சத்தக்கா சிரித்த முகமாக வெளியே வந்தார், பின்னாலேயே பொறுப்பாளர் அம்மா. "கதவு எங்கடா? மேடம் ஒரு வரி கேக்கணும்னு ஆசைப்படுறாங்க."

புயல் எழுந்து நின்றான். "அக்கா, டம்ளர் எங்க?"

சத்தக்கா திரும்பிக் கண்ணாடி வழியாக வெறும் மேசையைப் பார்த்தார். பிறகு எங்கள் காதில் இருந்த ஹெட்ஃபோனைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய அந்த இன்னொரு ஹெட்ஃபோனை. ஒரு மனுஷி நின்ற இடத்திலேயே சுருங்கிப் போவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"ஐயோ, எனக்குத் தண்ணியெல்லாம் வேணாம்பா" என்றார் பொறுப்பாளர் அம்மா. "டம்ளரெல்லாம் தேடாதீங்க."

அறை தப்பித்தது. இரண்டு நாளில் தொலைபேசியில் சொன்னார்கள். அந்தப் பெண்ணை ஆண்டுவிழா மேடையில் ஏற்றி அவள் வாயாலேயே அவள் கதையைச் சொல்ல வைக்கலாமா என்றும் கேட்டார்கள். சத்தக்கா "ம்" என்று மட்டும் சொல்லி வைத்ததை நான் பார்த்தேன். அவ்வளவு நல்ல சேதியைக் கேட்டுவிட்டு ஒருவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவு வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

"தம்பி, அவ வீட்டுக்குப் போகணும். கூட வரியா? எனக்குப் பேச்சு வரலேன்னா நீ பேசு. நீ படிச்சவன்" என்றார்.

போனோம். ஒரு முன்னறை, பக்கவாட்டில் ஒரு சமையல் மூலை, பின்னால் கதவு வைத்த ஒரு சின்ன அறை. அவ்வளவுதான் வீடு. சித்தி ஒரு விடுதியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். சுத்தமாக மடித்த விரிப்பு மாதிரி விறைப்பாக நின்று கதவைத் திறந்தார்.

"வாங்க டீச்சர். இது யாரு?"

"நான் நூலகத்துல… பட்டதாரி" என்று என் வாயில் வந்துவிட்டது.

"சரி, உக்காருங்க பட்டதாரி. நீங்களும் உக்காருங்க டீச்சர். டீ போடச் சொல்லலாம்னா வேலைக்காரி இன்னைக்கு லீவு."

சத்தக்கா உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியாமத்தான் கேக்குறேன்" என்றார் சித்தி. "அவ அம்மா விட்டுட்டு ஓடிப் போயிட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னது? எங்க அக்கா கடல் தாண்டி வேலைக்குப் போயிருக்கா. ஒரு கிழவியப் பாத்துக்கிற வேலை. இவ படிப்புக்காகத்தான் போயிருக்கா. வாராவாரம் பேசுறா. அம்மா அந்தப் பக்கம் அழுறான்னு இவதான் ஃபோன்ல பேச மாட்டேங்குறா. சின்னதுலருந்தே பேச்சு கம்மி. அவ்வளவுதான். நான் இவள ஒரு தட்டக்கூடக் கழுவ விடல. நீங்க சொல்லுங்க, யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல" என்றார் சத்தக்கா.

"அப்போ?"

"நான் கேக்கவே இல்ல. எங்க ரூம்ல கதை கேக்குறதில்ல."

"கேக்கலேன்னா எப்படிச் சொன்னீங்க?"

சத்தக்கா என் பக்கம் திரும்பினார். நான் பேச வேண்டிய இடம் அது. நான் தரையைப் பார்த்தேன்.

"நான் குரல் குடுக்குற எல்லாப் பிள்ளைக்கும் அம்மா விட்டுட்டுத்தான் போயிருப்பா" என்றார் கடைசியில். "சித்தி கொடுமைக்காரியாத்தான் இருப்பா. வாயில அதுதான் வந்துச்சு. சீரியல் மாதிரியே."

சித்தி இதற்குக் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை. அவர் சும்மா தலையை ஆட்டிக்கொண்டார். சத்தக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். "நான் நாள் முழுக்க அடுத்தவங்க படுத்த துணிய வெளுக்குறேன். வீட்டுக்கு வந்தா என் பேர நீங்க அழுக்காக்கி வெச்சிருக்கீங்க."

பின்னறைக் கதவு திறந்தது. அவள் வந்து நின்றாள்.

"கண்ணு" என்றார் சத்தக்கா.

"சொல்லுங்க மேடம்."

மேடம். அந்த மாடியறையில் இருந்த பிள்ளைகள் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சண்டை போட்டால்கூட "போக்கா" என்பார்களே தவிர, அந்த அக்கா போகாது. சத்தக்காவின் கை புடவையில் எதையோ தேடியது.

"நான் சொன்னது தப்பு. ரூம் போயிடுமோன்னு…"

"குரல் உடைஞ்சுதே" என்றாள் அவள். "கடைசியில. அது நிஜமா, தொழிலா?"

நான் சத்தக்காவைப் பார்த்தேன். நிஜம் என்று சொல்லிவிட்டால் போதும். அவர் அப்படிச் சொன்னால் யாரால் இல்லை என்று நிரூபிக்க முடியும்? அவராலேயே முடியாது. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார்.

"தொழில்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போனாள். கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி கதவை நிலையோடு பொருத்தி, பிறகு விட்டாள். க்ளிக்.

மறுநாள் சத்தக்கா என்னிடம் சொன்னார்: "நேத்து சமையல்கட்டுல நின்னு அழுதுட்டேன் தம்பி. நிஜமாவே. எங்க அண்ணி எட்டிப் பாத்துட்டு, 'நல்லா வந்திருக்கு, ஆனா அடுப்புப் பக்கம் நின்னு பண்ணாத'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து சிவப்பு டம்ளரை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், சித்தி வீட்டில் கேட்டதையும் சேர்த்து. பிறகு மைக்கின் முன்னால் போய் நின்று காக்கா மாதிரி கத்தினார். ஒரு தடவை. இரண்டு. மூன்று. எத்தனை பேர் அந்த இடத்தில் கத்தி, எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். அன்று ஒருவரும் அசையவில்லை. இவ்வளவு திறமையான காக்காவை அந்த அறை கேட்டதில்லை என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"காக்கா பத்தாதுக்கா" என்றான் புயல், கண்ணைத் தூக்காமல். "அந்த மேடம் இன்னும் அப்படித்தானே நினைச்சுட்டிருப்பாங்க?"

சத்தக்கா தொலைபேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது எதுவும் உண்மையில்லை என்றார். அவளை மேடையேற்ற வேண்டாம் என்றார்.

"இதுல என்ன இருக்கு? எல்லாரும் கொஞ்சம் கூட்டிக் கொறச்சுத்தான் சொல்வாங்க. விடுங்க" என்றது அந்தப் பக்கம்.

"கூட்டிச் சொல்லல மேடம். பொய் சொன்னேன்."

"பொய்யா? ஏம்மா, நான் அன்னைக்கு அழுதேனே?"

"அதுக்குத்தான் மேடம் பொய் சொன்னேன்."

அந்தச் சின்ன உண்மைதான் பொறுப்பாளர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அறையை மூடவில்லை, அந்த அளவுக்கு அவர் நல்லவர்தான். ஆனால் நடத்துவதற்கு வேறோர் ஆளைப் போட்டார்கள். பயிற்சி முடித்த ஓர் இளைஞர், நல்ல பையன். சத்தக்கா விரும்பினால் உதவிக்கு வரலாம் என்றார்கள். வேறொருவராக இருந்தால் ரோஷத்தில் அந்தப் படியையே மிதித்திருக்க மாட்டார். எனக்கே அவர் சார்பில் கோபம் வந்தது. "பட்டம் வாங்காத என்னாலயே இத முழுங்க முடியுது, உனக்கு ஏன்டா தொண்டையில சிக்குது?" என்றார் சத்தக்கா.

நாடகம் பாதியில் நின்றிருந்தது. கதவு இல்லாததால் புயல் எங்கேயோ ஒரு கதவைச் சாத்தி, தட்டி, பதிவு செய்து சேர்த்து வைத்திருந்தான். ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். சித்தி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே என் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவள் பின்னாலேயே மாடிக்கு ஏறினேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள். கேட்டாள். முகம் சுளித்தாள்.

"இது குளியலறைக் கதவு" என்றாள் புயலிடம். "வீட்டு வாசல்ல குளியலறைக் கதவு எவன்டா போடுவான்?"

புயல் அழுதுவிடுவான் போல இருந்தது. "நீ போடு, வந்து போடு" என்றான்.

அவள் உள்ளறைக்குப் போனாள். சத்தக்கா அங்கே கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழி விட்டார். அவள் தட்ட வேண்டியதையெல்லாம் தட்டினாள், சாத்த வேண்டியதைச் சாத்தினாள். கடைசிக் காட்சி வந்தது. புதிய பொறுப்பாளர், "அந்த ஒரு வரியையும் சொல்லிடலாமா?" என்று கேட்டார். அவள் மைக்கைப் பார்த்தாள். மேசையில் டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"வேணாம் சார்" என்றாள். "அந்த வரிய எடுத்துடுங்க."

அப்படித்தான் அது வானொலியில் போனது. கதவு தட்டும் சத்தம். சத்தக்காவின் குரலில் "யாரு?" பதில் இல்லை. மறுபடி தட்டும் சத்தம். மறுபடி "யாரு?" அங்கே முடிகிறது நாடகம். புதுமையான முடிவு என்று பொறுப்பாளர் அம்மா பாராட்டியதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட சத்தக்கா எழுந்து போய், கழுவியிருந்த டம்ளரையே மறுபடி கழுவினார்.

இப்போது சத்தக்கா காலையில் டப்பிங்குக்குப் போகிறார். சிரிக்கிற குழந்தை, அடம்பிடிக்கிற குழந்தை, திக்கித் திக்கிப் படிக்கிற குழந்தை எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கிறார். அழுகைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார். மாலையில் நூலகத்தின் வழியாக மாடிக்கு ஏறிப் போகிறார். அங்கே இப்போது கணினியில் உட்கார்ந்து பதிவுகளைக் கவனிப்பது கதவுதான், புதிய பொறுப்பாளர் வரமுடியாத நாட்களில் அறையின் சாவியும் அவளிடம்தான். மற்ற பிள்ளைகளுக்கு அவர் இன்னும் சத்தக்கா. பதிவு தொடங்கும்போது அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, "மேடம், டம்ளர வைங்க" என்கிறாள். அவர் வைக்கிறார்.